ரெக்கார்டு நோட்டும் ஒற்றைக் காலும்

அன்புள்ள அம்மா,

நான் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. அனாட்டமி, பிசியாலஜியை எப்படியோ மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிட்டேன். இப்போது பயோகெமிஸ்ட்ரியும் நியூட்ரிஷனும் மிரட்டுகின்றன. வார்டில் பெட் மேக்கிங், வைட்டல்ஸ் தவிர எதையும் தொட விடுவதில்லை. ஆனால் இரவு பன்னிரண்டு மணி வரை கேர் பிளான் (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்) எழுதுகிறோம். எல்லாரும் சீனியர் அக்காக்களின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான். காய்ச்சலில் ஐந்து நாள் வார்டு போஸ்டிங் போகவில்லை, அதை விடுமுறையில் வந்து முடிக்க வேண்டுமாம். இப்படி எழுதிக் குவிக்கவா நர்சிங் வந்தோம் என்று இருக்கிறது. விட்டுவிட்டு பி.ஏ. சேர்ந்துவிடலாமா?

எம்., விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள எம்.,

என் நர்சிங் மாணவிகளை ‘நீ’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். உன்னையும் அப்படியே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதே.

முதலில் என் கதை ஒன்று. நான் இரண்டாம் வருடம் படித்தபோது ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஒரு பெரியவரை எனக்குக் கேஸாகக் கொடுத்தார்கள். ஹார்ட் ஃபெயிலியர். சீனியர் ஒருத்தியின் நோட்டில் அதே நோய்க்குக் கேர் பிளான் தயாராக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பார்த்து எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, காலையில் டியூட்டரிடம் நீட்டினேன். படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டோடு என்னையும் அந்தக் கட்டிலுக்கு அழைத்துப் போய்ப் போர்வையை விலக்கினார். பெரியவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரைப் புண்ணில் முன்பே எடுத்துவிட்டார்கள். என் நோட்டில் ‘இரண்டு கால்களிலும் வீக்கம் குறைந்தது’ என்று இருந்தது. டியூட்டர் அதை அவருக்கே படித்துக் காட்டினார். அவர் சிரித்துவிட்டார். “இருக்கிறதே ஒண்ணுதான் தாயி, அதுல எப்படி ரெண்டு வீங்கும்?”

மூன்று நாள் அந்த வார்டில் நான் வைட்டல்ஸ்தான் எடுத்திருந்தேன். பி.பி. பார்த்தேன், நாடி பார்த்தேன், டெம்பரேச்சர் எழுதினேன். மனிதரைப் பார்க்கவில்லை.

அப்புறம் டியூட்டர் அந்த ஒரு காலின் முன்னெலும்பு மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொன்னார். எடுத்தபோது குழி விழுந்திருந்தது. அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாட்ச்சைப் பார்க்கச் சொன்னார். ஏன் குழி விழுகிறது என்று கேட்டபோதுதான் நான் உருப்போட்ட பிசியாலஜி எனக்கு உதவியது. இதயம் சரியாகத் தள்ளாவிட்டால் ரத்தம் சிரைகளில் தேங்கும், நீர் கசிந்து வெளியே வரும், பள்ளத்தைத் தேடி இறங்கும். நடமாடுகிறவருக்கு அந்தப் பள்ளம் பாதம். படுத்தே கிடப்பவருக்கு இடுப்புக்குக் கீழே, முதுகுப் பக்கம். அவருடைய காலை மட்டும் பார்த்து ‘வீக்கம் இல்லை’ என்று எழுதினால் அது தப்பு. திருப்பிப் படுக்க வைத்து அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். கேர் பிளானில் ‘ரேஷனல்’ என்று, ஏன் செய்கிறோம் என்ற காரணத்தை எழுத ஒரு கட்டம் இருக்கிறதே, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து எழுதுவது, அது இதற்குத்தான்.

அடுத்த செமஸ்டரில் ஃபார்மகாலஜி, அதாவது மருந்துகளைப் பற்றிய பாடம், தொடங்கும். இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரை கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை இதயத்தின் மேல் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், வயது வந்தவர்களுக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதற்கான பதில், நீ மனப்பாடம் செய்து பாஸ் ஆன புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடு.

ஆங்கிலம். பரீட்சை ஆங்கிலத்தில்தான், அதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கி, தமிழிலேயே பாடமும் நடத்தினார். அந்த வழியில் நாம் போகவில்லை, சரி, விடு. சொற்களை முழுசாக விழுங்காமல் உடைத்துப் படி. ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் அதிகம். சர்க்கரை நோயாளியிடம் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டியவருக்கு இன்சுலின் போய்விடும். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்தது. இப்படி ஐம்பது துண்டுகள் கைக்கு வந்துவிட்டால் பாதிப் புத்தகம் திறந்துகொள்ளும்.

ஆனால் கேர் பிளானின் முதல் கட்டத்தில் உன் பக்கம்தான் காற்று அடிக்கிறது. அங்கே ‘சப்ஜெக்டிவ் டேட்டா’ என்று, நோயாளி தன் வாயால் சொன்னதை எழுதச் சொல்கிறார்கள். நோயாளி தமிழில்தான் சொல்கிறார். ‘தலை சுத்துது’ என்பவரிடம், அறையே சுழல்கிறதா, இல்லை எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா என்று கேட்க உனக்குத் தெரியும். ‘நெஞ்சு கரிக்குது’ வேறு, ‘நெஞ்சை அடைக்குது’ வேறு என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்த என் மாணவிகள் சிலர் இரண்டையும் ‘செஸ்ட் பெயின்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். நீ கேட்டதைக் கேட்டபடி தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுது, ஹாஸ்டலுக்கு வந்து ஆங்கிலமாக்கு. அதில் இலக்கணம் தப்பினால் திருத்திக்கொள்ளலாம்.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டியூட்டராக இருந்த காலத்தில், மார்ஜின் கோணல் என்று நானே நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருக்கும் நோயாளி யார் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டும் இருக்கிறேன். ஒரே நாளில் நாற்பது நோட்டு மேஜையில் இருந்தால் கண் கோட்டைத்தான் பார்க்கும். அந்தச் சாக்கு எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

பி.ஏ. படிப்பதில் தவறில்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்கவே பிடிக்கவில்லை என்றால் இப்போதே போய்விடு. உன் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை, தொட விடவில்லை என்றுதான் கோபப்பட்டிருக்கிறாய். நான்கு வருடம் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தால்தான் நீ பதிவு பெற்ற செவிலி, கூடவே பதிவு பெற்ற மருத்துவச்சியும். பதிவு இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு வார்டில் நிற்க முடியாது.

அந்த ஐந்து நாள் விஷயத்தில் கல்லூரியிடம் கோபப்படாதே. தியரிக்கு 80 சதவீத வருகை போதும், பிராக்டிகலுக்குப் பட்டம் வாங்கும் முன் 100 சதவீதம் காட்ட வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. போய் முடித்துவிடு. விடுமுறையில் வார்டில் மாணவிகள் கூட்டம் இருக்காது. ஸ்டாஃப் சிஸ்டருக்கும் ஆள் தேவைப்படும். காலையில் கொஞ்சம் முன்னாலேயே போய், ‘சிஸ்டர், டிரெஸ்ஸிங்குக்கு நான் கூட நிற்கட்டுமா?’ என்று கேட்டுப் பார்.