வீட்டு அலாரத்தை நாமே பொருத்துவது: கேள்வி பதில்

முதலிலேயே ஒன்று. 12 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம். பேனலுக்கு, அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, புதிதாக 230 வோல்ட் இழுப்பது மலேசிய எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேனின் வேலை. அதற்கு இங்கே வழி கேட்க வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

செந்தூல்: அண்ணே, இரண்டு மாடி தெரஸ் வீடு. எங்கே தொடங்குவது?

வீட்டுப் படத்தைக் காகிதத்தில் வரையுங்கள். முன் ஸ்லைடிங் கதவு, சமையலறைப் பின்கதவு, கார் போர்ச் கூரைக்கு மேலே உள்ள மாடி ஜன்னல் மூன்றுக்கும் தனித்தனி ஸோன், அதாவது பேனல் தனியாகக் கவனிக்கும் சுற்று. போர்ச் கூரையில் ஏறினால் அந்த ஜன்னல் கைக்கு எட்டும், பலர் அதைத்தான் மறக்கிறார்கள். மாடிப்படிக்கு ஒரு பி.ஐ.ஆர், அதாவது உடல் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கும் சென்சர். இரும்பு கிரில்லில் சாதாரண மேக்னட் காண்டாக்ட் (காந்தம் விலகினால் கதவு திறந்ததைச் சொல்லும் சுவிட்ச்) வேண்டாம். இரும்பு காந்தப்புலத்தை இழுத்துவிடும், இடைவெளி சற்று கூடினாலே ஸோன் திறந்ததாகக் காட்டும். உலோகக் கதவுக்கென்று விற்கும் பெரிய காண்டாக்டை வாங்குங்கள்.

கேபிள் விஷயத்தில் கவனம். அலாரத்துக்கு விற்கும் 0.22 சதுர மி.மீ. கம்பியில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 8 ஓம் தடை. 20 மீட்டர் தள்ளியிருக்கும் பி.ஐ.ஆருக்கு அது பொருட்டே இல்லை. அதே தூரத்தில் 1 ஆம்பியர் இழுக்கும் சைரனை மாட்டினால் போக வர 40 மீட்டர், 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் ஓடும்போது சைரன் முனகத்தான் செய்யும். சைரனுக்கு 0.75 சதுர மி.மீ. கம்பி போடுங்கள், இழப்பு 1 வோல்ட்டுக்குள் நிற்கும்.

செராஸ்: பேனலோடு ஒரு பை நிறைய ரெசிஸ்டர் வந்தது. பேனல் பெட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் முறுக்கி வைத்தால் வேலை சுலபம்தானே?

வேண்டவே வேண்டாம். ரெசிஸ்டர் சென்சர் முனையில்தான் இருக்க வேண்டும், கம்பியின் கடைசியில். பேனல் அந்த மதிப்பை எப்போதும் அளந்துகொண்டே இருக்கிறது. கதவு திறந்தால் சுற்று அறுபடும். கம்பி எங்காவது நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டினால் தடை பூஜ்யமாகும். இரண்டையுமே பேனல் கண்டுபிடிக்கும். ரெசிஸ்டர் பெட்டிக்குள் இருந்தால், வழியில் கம்பி ஒட்டிக்கொண்டாலும் பேனல் அதே பழைய மதிப்பைத்தான் பார்க்கும். கதவு அகலத் திறந்து கிடந்தாலும் “எல்லாம் சரி” என்றுதான் காட்டும். மதிப்பு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பழைய பேனலின் ரெசிஸ்டரைப் புதியதில் போடாதீர்கள்.

ஜெலுத்தோங்: பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் யாரும் இல்லாதபோது பி.ஐ.ஆர் தானாக அடிக்கிறது.

மேற்கு ஜன்னலைப் பார்த்து மாட்டியிருக்கிறீர்களா? வெயில் பட்ட திரைச்சீலை காற்றில் அசைந்தாலே போதும். ஜன்னலுக்கு முதுகு காட்டி, மூலையில், 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். ஆள் அதை நோக்கி நடந்து வருவதைவிடக் குறுக்கே கடப்பதைத்தான் அது நன்றாகப் பிடிக்கும்.

அடுத்த சந்தேகம் பல்லி. லென்ஸ் மேல் ஊரும் பல்லி சென்சர் கண்ணுக்கு ஆள் அளவு தெரியும். கேபிள் நுழையும் ஓட்டையைச் சிலிக்கோனால் அடையுங்கள், எறும்பு உள்ளே கூடு கட்டாது. எறும்பு வராவிட்டால் அதைத் தின்னப் பல்லியும் வராது.

இதற்கு எதிரான கோளாறும் நம் ஊரில் உண்டு. பூட்டிய வீடு பிற்பகலில் 33, 34 டிகிரிக்கு ஏறினால் சுவரும் மனிதத் தோலும் ஏறக்குறைய ஒரே சூடு. வித்தியாசம் குறைந்தால் சென்சருக்கு ஆள் தெரியாது. வெப்ப ஈடு செய்யும் வகையையோ மைக்ரோவேவும் சேர்ந்த வகையையோ வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம்: சாமி மேடை விளக்கு தொந்தரவு செய்யுமா?

ஃபேன் காற்றில் சுடர் ஆடினால் செய்யலாம். மேடை பார்வையில் படாதபடி திருப்புங்கள், அக்கா. சாம்பிராணிப் புகை பி.ஐ.ஆரைப் பாதிக்காது.

கெப்போங்: ரெசிஸ்டர் எங்கே போடுவது?

செராஸ் பதிலைப் படியுங்கள்.

பட்டர்வொர்த்: இவ்வளவு கம்பி எதற்கு? வயர்லெஸ் செட் வாங்கி ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஒட்டுவது சுலபம்தான். மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் சென்சர் கதவு திறக்கும்போது மட்டும் ஒரு முறை கத்தும். பேட்டரி தீர்ந்தாலும், யாராவது பிடுங்கிப் போட்டாலும் பேனலுக்குத் தெரியாது.

பட்டர்வொர்த்: உங்கள் கம்பியை மட்டும் வெட்ட முடியாதா?

வெட்டலாம், தம்பி. வெட்டிய நொடியில் பேனல் கத்தும். வெட்டாமல் இரண்டையும் ஒட்டவைத்தாலும் கத்தும், அதற்குத்தானே அந்த ரெசிஸ்டர்!

கெப்போங்: நல்ல வயர்லெஸ்ஸும் இருக்கிறதே. குறித்த இடைவெளியில் “இருக்கிறேன்” என்று சொல்லும் சென்சர்கள்.

ஒத்துக்கொள்கிறேன், அந்த வகைக்கு நான் எதிரியே இல்லை. டைல்ஸ் உடைக்க முடியாத வீட்டுக்கு அதுதான் சரி. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: சென்சர் காணாமல் போனால் பேனல் சொல்கிறதா, ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரகசியக் குறியீட்டை மாற்றுகிறதா, மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா. ஒரே குறியீட்டை அனுப்பும் ரிமோட்டைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பி அலாரத்தை அணைக்க முடியும். கம்பியா காற்றா என்பது எனக்குப் பெரிதல்ல. கெட்டுப்போனதை அது தானே சொல்ல வேண்டும்.

பிறை: 7 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

பேனல் 100, கீபேட் 50, நான்கு பி.ஐ.ஆர் சேர்த்து 60, ஆக 210 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். கணக்குக்கு 33 மணி, பழைய பேட்டரியில் 20 மணி. கூரைக்கடியில் பேனலை வைத்தால் சூட்டில் பேட்டரி சீக்கிரம் சாகும், கீழ்மாடியில் வையுங்கள். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சைரனை 5 நிமிடம் அடிக்கவிட்டுப் பாருங்கள். அக்கம் பக்கத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பாங்சார்: பழைய பேனல் டெலிபோன் லைனில் அழைக்கிறது. ஃபைபருக்கு மாறினால்?

அப்படி அழைத்துச் சொல்லும் அந்த டயலரை நம்ப வேண்டாம். மோடத்துக்கு மின்சாரம் போனால் லைனும் போகும். 4ஜி டயலர் போடுங்கள். 3ஜி மட்டும் பேசும் கருவி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், 2021 முடிவோடு இங்கே 3ஜி மூடியாயிற்று.

செத்தாபாக்: வீட்டை வாங்கும்போதே அலாரம் இருந்தது. ரெசிஸ்டர் எந்த முனையில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

இது நல்ல கேள்வி. மின்சாரத்தை நிறுத்தாமல், கீபேடில் அலாரத்தை மட்டும் அணைத்துவிட்டுச் சென்சரைத் திறங்கள். ஸோன் கம்பிகள் இரண்டையும், ரெசிஸ்டருக்கு முன்னால் கேபிள் பக்கத்தில், ஒரு துண்டு வயரால் இணையுங்கள். கீபேடில் அந்த ஸோன் உடனே திறந்ததாகவோ கோளாறாகவோ காட்ட வேண்டும். ஒன்றும் மாறாவிட்டால் ரெசிஸ்டர் பெட்டிக்குள் கிடக்கிறது, அல்லது அந்த வசதியே பேனல் அமைப்பில் அணைந்திருக்கிறது. ஒவ்வொரு ஸோனாகப் பாருங்கள், ஒன்றையும் விடாமல்.