ஹோபி 14: காற்றுக்கு நேரே வந்து நின்றுவிடுகிறது

உங்கள் ஹோபி 14 (இரட்டை உடல் கொண்ட சிறிய பாய்மரப் படகு) திரும்பும்போது, முகப்பு, அதாவது படகின் முன்முனை, காற்றைக் கடக்கும் கணத்தில் பாய்க்கயிற்றை அரை மீட்டர் தளர்த்துங்கள். நீங்கள் சொல்வதுபோல் ஒவ்வொரு திருப்பத்திலும் படகு காற்றைப் பார்த்து நிற்பதற்கு, கயிற்றை இறுக்கியே வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். பாய் காற்றுத் திசைகாட்டியின் வாலைப் போல முகப்பை மறுபடி காற்றுக்கே இழுத்துவிடும்.

இதில் படகின் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. ஹோபி ஆல்டர் இதை 1960களின் கடைசியில் கலிபோர்னியாவின் மணல் கரைகளுக்காக வடிவமைத்தார். அடியில் பலகை கிடையாது. வெளிப்புறம் தட்டையாகவும் உட்புறம் வளைந்தும் இருக்கும் இரண்டு உடல்களே பக்கவாட்டு நழுவலைத் தடுக்கின்றன. அழகான தீர்வு அது! ஆனால் நேராக ஓடவே விரும்பும். முகப்பைத் தள்ளிவிட முன்பாயும் இல்லை.

அதனால் நல்ல வேகத்தோடு திருப்பத்தைத் தொடங்குங்கள். டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை) வெடுக்கென்று தள்ளினால் சுக்கான் பிரேக் போடும், மெதுவாகத் தள்ளுங்கள். உடம்பைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் முகப்பு தூக்கிக்கொண்டு சுழலும்.

அப்புறம் ஒரு சோதனை: ஓடும்போது டில்லர் கைக்குக் கனமாக இருக்கிறதா? பழைய படகில் சுக்கானைக் கீழே பிடித்துவைக்கும் பூட்டு தேய்ந்து, அது முழுதாக இறங்காமல் பின்னால் சாய்ந்திருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நின்றுவிட்டால் பூமை (பாயின் அடியில் உள்ள கம்பத்தை) கையால் வெளியே தள்ளிப் பின்னோக்கிப் போங்கள். அப்போது முகப்பு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதே பக்கம் டில்லரைத் தள்ள வேண்டும். பலத்த காற்றில் மட்டும் பின்னால் உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே முன்னால் வாருங்கள். இல்லையென்றால் படகு பின்பக்கமாகவே கவிழ்ந்துவிடும்.