நேசோமீட்டர் 38 காட்டினால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: பாங்காக்கில் இருக்கிறோம். 7 வயது மகன் தாய்லாந்து மொழிப் பள்ளியில் படிக்கிறான். ஒரு மாதம் முன்பு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுத்தார்கள். அதிலிருந்து மூக்கால் பேசுகிறான். பேச்சில் மூக்கொலியை அளக்கும் நேசோமீட்டர் கருவியில் சோதித்து '38' என்றார்கள். 15தான் இயல்பு என்று இணையத்தில் படித்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவதற்கு முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பையனை எதைச் சொல்ல வைத்து அளந்தார்கள்?

இந்தக் கருவியில் மேலுதட்டின் மேல் ஒரு தகடு இருக்கும். தகட்டுக்கு மேலே மூக்குக்கு ஒரு மைக், கீழே வாய்க்கு ஒன்று. இரண்டிலும் பதிவாகும் ஒலியாற்றலில் மூக்கின் பங்கு எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். நீங்கள் படித்த 15, மெல்லின ஒலியே இல்லாத ஆங்கிலப் பத்திக்கு உரியது. இயல்பாகக் கலந்த பத்தியில் அதே ஆட்களுக்குச் சுமார் 35 வரும். மெல்லினம் நிறைந்த வாக்கியங்களில் 60 வரை போகும்.

தாய்லாந்து மொழியிலோ ம, ன, ங மூன்றும் சொல்லின் முதலிலும் வரும், கடைசியிலும் வரும். தண்ணீர் 'நாம்', வேலை 'ஙான்'. நடுவில் சிக்கிய உயிரொலியும் மூக்கில் கசியும். ஐந்தைக் குறிக்கும் 'ஹா'வில் மெல்லினமே இல்லை, ஆனாலும் பலர் வாயில் அது லேசாக மூக்கொலியோடு வரும். அதனால்தான் அந்த மொழி பேசும் ஆரோக்கியமான குழந்தைகளை, அவர்கள் மொழி வாக்கியங்களிலேயே அளந்து வைத்த அளவுகோல் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். அது இல்லாமல் ஆங்கில எண்ணை வைத்துப் பார்த்தால், நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் சிகிச்சை தொடங்கிவிடும். அளக்கும் நாளில் சளியால் மூக்கு அடைத்திருந்தாலோ எண் குறைந்து, உண்மையான குறை மறைந்துவிடும்.

வீட்டில் ஒரு சோதனை: 'பா பை சப் பூ' (பெரியம்மா நண்டு பிடிக்கப் போகிறாள்) என்று சொல்லச் சொல்லுங்கள். இதில் மெல்லினமே கிடையாது. அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லட்டும். குரல் மாறாவிட்டால் நல்ல அறிகுறி. தெளிவாக மாறினால் காற்று மூக்கில் கசிகிறது.

அப்படிக் கசிந்தாலும் ஒரு மாதம் என்பது சீக்கிரம்தான். பேசும்போது மூக்குக்குப் போகும் வழியை மூடுவது அண்ணத்தின் மென்மையான பின்பகுதி. இதுவரை அடினாய்டு சதையில் முட்டி மூடிய அது, இனி இன்னும் பின்னே போய் மூடப் பழக வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். 3 மாதம் தாண்டியும் தொடர்ந்தால் அந்த மொழியைக் காதால் கேட்டு மதிப்பிடத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். குடிக்கும்போது பால், தண்ணீர் மூக்கில் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.