கையால் சுற்றும் றேடியோ: மாரிக்கு முதல் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பில் றேடியோ, டோர்ச் திருத்துகிற ஆள் நான். மாரி நெருங்கினால் கைபிடி சுற்றுகிற றேடியோவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். இந்தமுறை வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

களுவாஞ்சிக்குடி: அண்ணன், அரை மணித்தியாலம் சுற்றியும் சார்ஜ் நிறையவில்லை. பழுதா?

பழுதில்லை தங்கச்சி. பல செற்றுகளில் உள்ளே இருப்பது 2000 மில்லி அம்பியர் மணித்தியால லித்தியம் பற்றறி. அது 7 வாட் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். கைபிடியால் 2 வாட் வந்தாலே பெரிய காரியம், அதிலும் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். அப்படியென்றால் முழுதாக நிறைக்க நாலு மணித்தியாலத்துக்கும் மேல் சுற்ற வேணும். ஆரால் ஏலும்? கரண்ட் இருக்கும்போதே யூஎஸ்பி வயரில் போட்டு நிறைத்து வையுங்கள். கைபிடி, பற்றறி இறங்கினபிறகு செய்தி கேட்கிறதுக்கு. ஒரு நிமிசம் சுற்றி, சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஐந்து பத்து நிமிசம் கேட்கலாம்.

வாழைச்சேனை: வேகமாகச் சுற்றினால் கெதியாக ஏறுமா?

வேண்டாம் தம்பி. செக்கனுக்கு இரண்டு சுற்று, ஒரே சீராக. போன மாதம் ஒரு செற்றைத் திறந்தேன். வெள்ளை பிளாஸ்டிக் பல்லுச்சக்கரத்தில் மூன்று பல் மழுங்கி, அந்தத் தூள் கிறீசோடு மாவாகக் குழைந்து கிடந்தது. சின்னப் பொடியன் ஒருவன் பலங்கொண்ட மட்டும் சுற்றியிருக்கிறான். சுற்றும்போது கைக்கு ஒரு இழுவை தெரிய வேணும். சும்மா காற்றில் சுற்றுவதுபோல இருந்தால் பல்லு போயிருக்கும், இல்லையென்றால் வயர் விட்டிருக்கும்.

பொத்துவில்: மேலே சோலார் இருக்கே, அது போதாதா?

அந்த உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலிலேயே அரை வாட்டுக்குக் கிட்டத்தான் தரும். மாரி மூட்டத்தில் அதுவும் இல்லை. பங்குனி வெயிலில் முற்றத்தில் வைத்தாலும் செற்று சூடாகாமல் பாருங்கள், சூடுதான் லித்தியத்துக்கு எமன்.

அக்கரைப்பற்று: தம்பி, டபிள்யூஎக்ஸ் என்ற பொத்தானை அமத்தினால் இரைச்சல் மட்டும்தான்.

நானா, அது அமெரிக்காவிலும் கனடாவிலும் 162 மெகாஹேர்ட்ஸில் போகிற வானிலை ஒலிபரப்புக்கு. இங்கே அது இல்லை. எஃப்எம்மில் ஏரியலை முழுதாக இழுத்து விடுங்கள். ஏஎம்மில் ஏரியலால் பயனில்லை, செற்றையே மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஏஎம்முக்கு ஏரியலாக உள்ளேயிருக்கிற ஃபெரைட் கம்பி திசை பார்த்துத்தான் பிடிக்கும்.

கல்லாறு: போனைச் சார்ஜ் பண்ணலாமா?

ஒரு அவசரக் கோல் எடுக்க மட்டும். இப்போதைய போன் பற்றறி 15 வாட் மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நூற்றில் ஒரு பங்கு ஏற்றவே ஐந்து பத்து நிமிசம் சுற்ற வேணும். 117க்கு எடுத்து இடர் முகாமைத்துவ நிலையத்தோடு பேச அது போதும். வீட்டில் த்ரீவீலர் இருந்தால் அதில் யூஎஸ்பி பொருத்துங்கள், கையை விட எவ்வளவோ மேல்.

திருக்கோவில்: மகன், 78 சூறாவளியில் நாங்கள் பட்டது போதும். இதை வாங்கி அலுமாரியில் வைத்தால் போதுமா?

அம்மா, அலுமாரியில் சும்மா கிடந்தால்தான் பற்றறி சாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் போட்டு, ஐந்து நிமிசம் பாட்டுக் கேளுங்கள். டிரிபிள் ஏ பற்றறி போடுகிற செற்று என்றால் அவற்றைக் கழற்றிப் பக்கத்தில் ஒரு பையில் கட்டி வையுங்கள். ஒழுகினால் தகடெல்லாம் அரித்துப்போகும், நம்மட கடற்காற்றில் இன்னும் கெதி. மூடி தூக்கிக்கொண்டு நின்றாலோ உள்ளே பற்றறி ஊதியிருந்தாலோ சார்ஜ் போடாமல் அப்படியே கடைக்குக் கொண்டு வாங்க.