வாசகர் கேள்வி: வான்டன் மீ

கேள்வி: உணவங்காடி நிலையத்தில் உலர் வான்டன் மீ (இறைச்சிப் பூரணம் வைத்த வான்டனோடு வரும், சூப் ஊற்றாத மஞ்சள் நூடல்ஸ்) வாங்கினால், பாதி சாப்பிடுவதற்குள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்கிறது. சில கடைகளில் ஒருவித காரவாடையும் வருகிறது. ஏன்? (ஈசூன் வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அந்த வாடை மாவில் சேர்க்கும் காரநீருடையது (மிளகாய்க் காரமல்ல; சோடா உப்பு போன்ற கார உப்பு கரைத்த நீர்). மஞ்சள் நிறமும் இழுபடும் தன்மையும் அதனால்தான் வருகின்றன. மெல்லிய மீ கொதிநீரில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. வெந்ததும் குளிர்நீரில் முக்கி அலசினால் காரமும் மேல்மாவும் போய்விடும், வேகுவதும் நிற்கும். பிறகு மறுபடி கொதிநீரில் சில நொடி காட்டி, வடிகரண்டியை ஓங்கி உதற வேண்டும். கூட்ட நேரத்தில் குளிர்நீர் முக்கலைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். பானைத் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியிருந்தாலும் இதே கதிதான்.

நீங்கள் செய்யக்கூடியது: தட்டு வந்ததும் அடியில் கிடக்கும் சாஸ், மிளகாய், எண்ணெயை மேலே புரட்டிக் கலந்து உடனே சாப்பிடுங்கள். படம் எடுப்பதெல்லாம் அப்புறம்! ஒட்டிவிட்டதா? உடன்வரும் சூப்பில் இரண்டு கரண்டி ஊற்றிப் பிரித்துவிடுங்கள். பொட்டலம் வாங்கினால் சூப்பைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் போதுமா?

பதில்: போதாது. வான்டனின் பூரணத்திலும் பெரும்பாலும் அதுதான். பல கடைகளில் மீயைப் புரட்டுவதே பன்றிக் கொழுப்பெண்ணெயில். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) வழங்கும் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் கோழி வான்டன் கேளுங்கள்.