நடுக்கடலில் எஞ்சின் நின்றால் துடுப்பு மட்டும் போதுமா?
வணக்கம். பாக் விரிகுடாவில் ஒற்றை எஞ்சினுடன் செல்லும் உங்கள் ஃபைபர் படகுக்குத் துடுப்புகள் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். காற்றும் நீரோட்டமும் எதிர்த்தால் அவை போதா. எஞ்சின் நின்றவுடன் முதலில் வேண்டியது நங்கூரம்தான். அந்த விரிகுடா ஆழம் குறைந்தது என்பதால், 5 மீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 35 மீட்டர் வரை கயிறு விட்டால் (மறுமுனையைப் படகில் முன்பே கட்டியிருக்க வேண்டும், அதை மறப்பவர்களும் உண்டு), படகு எல்லை தாண்டி அடித்துச் செல்லப்படாமல், பழுது பார்க்க அவகாசம் கிடைக்கும். பல நேரங்களில் எரிபொருளில் கலந்த தண்ணீரே காரணமாக இருப்பதால், மாற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், ஸ்பேனர் ஆகியவற்றை நீர் புகாத டப்பாவில் வைத்திருங்கள். கைபேசியை மட்டும் நம்பாமல் விஎச்எஃப் (கடலில் பேசப் பயன்படும் வானொலி) கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். அபாய அழைப்புக்கு 16ஆவது சேனல், கைபேசியில் கடலோரக் காவல்படையின் 1554.