ஈஸ்ட் ஹோத்லி கடையில் கடன் உண்டா?

கேள்வி: தாமஸ் டர்னர் என்ற 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமக் கடைக்காரர் நாட்குறிப்பு எழுதினாராமே? அவர் கடையில் என்னதான் கிடைக்கும்?

பதில்: அநேகமாக எல்லாமே. சசெக்ஸில் ஈஸ்ட் ஹோத்லி என்ற ஊர். மளிகை, ஜவுளி, தொப்பி, இரும்புச் சாமான், மருந்து, காகிதம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். யாராவது இறந்தால் அடக்க ஏற்பாடும் அவர்தான். வந்தவர்களுக்குக் கையுறையும் தொப்பியில் கட்டும் கறுப்புப் பட்டையும் கொடுப்பது அன்றைய வழக்கம். அந்தச் சரக்கும் இவர் கடையிலிருந்தே போகும். யார் யாருக்கு எது கொடுத்தோம் என்று நாட்குறிப்பில் எழுதியும் வைப்பார். துக்க வீட்டுக்காரர் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. ஆனால் விலை கேட்டுப் பார்க்க இன்னொரு கடை ஏது?

கேள்வி: கையில் காசு இல்லாவிட்டால்?

பதில்: பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்தில் சில்லறை வெள்ளி நாணயத்துக்கே நாடு முழுக்கத் தட்டுப்பாடு. அதனால் எல்லாம் பற்றுதான். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஓடும். கடைக்காரரும் ஊராரிடம் சாமான் வாங்குவார். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் கழித்து மீதியை மட்டும் தீர்ப்பார்கள். கந்தல் துணியைக்கூட வாங்கிச் சேர்த்துக் காகித ஆலைக்கு அனுப்பினார். வாங்குபவருக்கு வசதிதான். ஆனால் கடைக்காரரும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவர். பாக்கி வராதபோது வழக்குப் போடுவதா வேண்டாமா என்று டர்னர் தவித்து எழுதியிருக்கிறார். எதிரில் நிற்பவர் தினமும் முகம் பார்க்கும் ஊர்க்காரர் அல்லவா!

கேள்வி: வெளியூர் வியாபாரிகள் போட்டிக்கு வரவில்லையா?

பதில்: வந்தார்கள். ஒருமுறை ஒருவர் துணிமணி, வெள்ளிச் சாமான் என்று வண்டி நிறையக் கொண்டுவந்து இரண்டு நாள் விற்பனை போட, டர்னருக்கு வயிறு எரிந்தது. புதுசு என்றால் இங்கிலாந்துக்காரர்களுக்கே பைத்தியம், அதிலும் சசெக்ஸ்காரர்களுக்கு ரொம்ப அதிகம் என்று பொருமுகிறார். விவரமானவர்கள்கூடச் சரக்கின் தரம் தெரியாமல் ஏமாறுவார்கள் என்கிறார். பேசுவது போட்டிக் கடைக்காரர், கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும். ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: துணியில் குறை இருந்தால் மூன்றாம் நாள் வண்டியை எங்கே தேடுவது? டர்னர் கடை அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: அந்த நாட்குறிப்பு புத்தகமாக வாங்கக் கிடைக்குமா?

பதில்: பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். டர்னர் 1754 முதல் 1765 வரை எழுதியது மிக நீளம். கையெழுத்துப் பிரதி அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1925ல் வந்த பதிப்பு சிறியது. 1984ல் டேவிட் வெய்சி தொகுத்தது அதைவிட விரிவானது, ஆனால் அதுவும் தேர்ந்தெடுத்த பகுதிகள்தான். பணம் கட்டும் முன் தொகுப்பாசிரியர் பெயரைப் பார்த்துவிடுங்கள்.